வெள்ளை போர்டு காரும் ஐந்து சொந்தக்காரர்களும்

வாடகைக் கார் தொழிலில் ஓட்டுகிறவருக்கு முதுகுவலி, சவாரி பிடித்துக் கொடுக்கிறவளுக்கு நெஞ்சுவலி. எங்கள் வீட்டில் ஓட்டுவது அவர், போன் எடுப்பது நான். டாக்சிக்குரிய மஞ்சள் போர்டு இல்லாமல், சொந்த வண்டி என்று வெள்ளை போர்டிலேயே வேளாங்கண்ணிக்கு ஆள் ஏற்றுகிற வீடுகள் வில்லியனூர்ப் பக்கம் நிறைய உண்டு. உங்கள் வாசலிலும் அப்படி ஒரு கார் நின்றால், கொஞ்சம் உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

செலியமேட்டு வளைவு

அன்றைக்கு ஐந்து பேரை வேளாங்கண்ணியிலிருந்து திரும்ப அழைத்து வந்துகொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். செலியமேட்டு வளைவில், புல்லுக்கட்டோடு மொபெட்டில் வந்த முருகையன் என்பவர்மேல் கார் மோதிவிட்டது. வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. நாலு கறவை மாட்டை வைத்துப் பிழைக்கிற மனிதர்.

சேதி வந்தபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தேற்றினார்: "அழுவாத மேரி. இன்சூரன்ஸ் கீது. அந்த ஆளுக்குக் கம்பெனிக்காரன் குடுத்துடுவான்."

மாதா படத்துக்குப் பின்னால்

வருடா வருடம் பாலிசித் தாள் வந்ததும் கோயிலுக்கு எடுத்துப் போவேன். சாமியார் தீர்த்தம் தெளித்துக் கொடுப்பார். கொண்டுவந்து மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிடுவேன். ஒரு தடவைகூடப் பிரித்துப் படித்ததில்லை. எட்டாவது படித்தவள் நான். அதில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ்.

ஸ்டேஷனில் தாள் கேட்டார்கள் என்று அதை எடுத்துக்கொண்டு ஏஜெண்டிடம் ஓடினேன். அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். சொந்த உபயோகத்துக்கு மட்டும், வாடகைக்கு ஓட்டினால் பாலிசி செல்லாது என்று இருக்கிறதாம். ஏன் இத்தனை வருடமாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். எங்கள் காரிலேயே இரண்டு தடவை வாடகை கொடுத்து வேளாங்கண்ணி போய்வந்தவர் அவர். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க வாடகைக்கு வுடுறீங்கன்னு எனக்கு இன்னாம்மா தெரியும்?"

திடீர்ச் சொந்தம்

மறுநாள் காலைப் பூசை முடிந்த கையோடு பிலோமினா அக்கா வந்தார். அந்த ஐந்து பேரில் ஒருவர். ஐந்து பேரும் கூடிப் பேசிவிட்டார்களாம். வாடகை எதுவும் தரவில்லை, நாங்கள் எல்லாரும் மேரிக்குச் சொந்தம் என்று விசாரணையில் சொல்லிவிடுவார்களாம். நற்கருணை வாங்கிய நாக்கு இன்னும் காய்ந்திருக்காது. "பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு கட்டளை இருக்குதேக்கா" என்றேன். அக்கா அசரவில்லை. "ஆதாம் ஏவாள்ல இருந்து பாத்தா நாம எல்லாரும் சொந்தந்தாண்டி."

ஆஸ்பத்திரி நடையில்

முருகையனின் மனைவி செல்வியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். பாலிசி செல்லாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். மண்ணை வாரித் தூற்றுவாள், வாங்கிக்கொள்வோம் என்றுதான் நின்றேன். அவளோ என் கையைப் பிடித்து நடைக்கு இழுத்துப் போனாள். பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "எக்கா, நீயும் பொய்யே சொல்லிடு. கம்பெனி குடுத்தாத்தான் எங்க வூடு பொழைக்கும்."

அன்றிலிருந்து என்னால் செபத்தில் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் வீட்டு அடுப்பு அணையும். எதைக் கேட்டு மன்றாடுவது?

விசாரிக்க வந்தவர்

கம்பெனி ஆள் என் மகன் வயதுதான் இருப்பார். ஐந்து பேரும் சொந்தம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு கடைசியாக என்னிடம் வந்தார். "இவங்கெல்லாம் உங்களுக்கு இன்னா முறைம்மா?" என்றார். சித்தி, நாத்தனார் என்று இரவெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது. "சவாரிதான் தம்பி. நான்தான் பிடிச்சுக் குடுத்தேன்."

அவர் எழுதவில்லை. போனைத் திருப்பிக் காட்டினார். யாரோ படமெடுத்து அனுப்பிய என் வாட்ஸப் ஸ்டேட்டஸ். மேலே அன்றைய பைபிள் வசனம். கீழே என் கையாலேயே, 'வேளாங்கண்ணி டிரிப், ஒரு சீட்டு காலி.' "மொத நாளே பாத்துட்டேம்மா. நீங்களாவது உண்மைய சொல்றீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்."

புல் அறுக்கும் டிரைவர்

கம்பெனி கைவிரித்துவிட்டது. கேஸ் நடக்கிறது. காரை நசுங்கியபடியே விற்று, பணத்தைச் செல்வியிடம் கொடுத்தோம். முருகையன் எழுந்து நடக்கிற வரைக்கும் அந்த நாலு மாட்டுக்கும் நாங்கள்தான். என் வீட்டுக்காரர் புல் அறுத்துப் போடுகிறார், நான் சாணி வாருகிறேன். செல்வி ஒரு வாரம் எங்களோடு பேசவே இல்லை. எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். "எக்கா, அண்ணன் கட்டுற புல்லுக்கட்டு ரோட்டுலயே பாதி கொட்டிப்பூடுது. நாளைக்கு நான் கட்டக் காட்டுறேன்னு சொல்லு."

பொய் சொல்லியிருந்தாலும் கார் போயிருக்கும், உண்மை சொல்லியும் போனது. மிஞ்சியது நிம்மதியான தூக்கம் ஒன்றுதான், அதுவும் விடியற்காலை நாலு மணிக்கு மாடு கத்துகிற வரைக்கும்.