காதர் பீவியின் சுவரொட்டி

பேகம்பூரில் காதர் பீவியிடம் குடல் வாங்காதவர்கள் சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும்தான். அப்துல் கையூமின் கறிக்கடை வாசலில் சாக்கை விரித்து, குடல், ஈரல், சுவரொட்டி என்று தனித்தனியாகக் கூறு வைத்திருப்பார். ஆட்டு மண்ணீரலுக்குக் கறிக்கடையில் சுவரொட்டி என்று பேர். இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவர், குடல் கழுவியே மகள் ஷரீஃபாவை வளர்த்து நத்தத்தில் கட்டிக்கொடுத்தார்.

அவரை வம்பிழுப்பதுதான் என் பொழுதுபோக்கு. ஒருமுறை ஊதாத பலூன் ஒன்றைக் குடலோடு கலந்து வைத்தேன். அதையும் கழுவி எடை போட்டு விற்றுவிட்டதாகச் சொன்னார். பொய்யா நிஜமா என்று இன்றுவரை தெரியவில்லை.

போன ஆடியில், தொண்ணூற்றேழாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலு பேர் பார்க்கிறார்களே என்று இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டினேன். ஹேண்டில்பார் முனை காதர் பீவியின் இடது விலாவுக்குக் கீழே குத்தியது. உட்கார்ந்தார், எழுந்தார், சேலையை உதறிவிட்டு வியாபாரத்துக்குத் திரும்பினார். ஒரு கீறல்கூட இல்லை. நான் சிரித்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து இடது தோள் வலிக்கிறது என்றார். சுளுக்குதான், நீவிவிட்டால் சரியாகிவிடும் என்று கையூம் பாய் எண்ணெய் எடுக்கப் போனார். காதர் பீவி தடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஆடு வாங்குகிறவர்கள் பார்ப்பது போல, தன் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார்.

“ஏலே சூசை, செவப்பா இருக்கா, வெளுத்திருக்கா?”

சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

“முட்டு வாங்குன ஆட்ட அறுத்துப் பாத்திருக்கேன்டா. மேல ஒண்ணும் இருக்காது, உள்ள குடங்குடமா ரத்தம் நிக்கும். எனக்குச் சுவரொட்டி கிழிஞ்சிருச்சு. ஆட்டோவக் கூப்பிடு.”

ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளவயது டாக்டர், சுத்த சைவம். சுவரொட்டி கிழிந்துவிட்டது என்று காதர் பீவி சொன்னதும், எந்தச் சுவர் என்று கேட்டார். பிறகு என்னிடம், தலையில் ஏதும் அடிபட்டதா, உளறுகிறாரே என்றார். எட்டாவதோடு நின்ற எனக்குப் புத்தகத்தில் இருந்த பேர் வாயில் வரவில்லை. என் விலாவைத் தட்டித் தட்டிக் காட்டினேன். கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

மாத்திரைத் தட்டோடு வந்த நர்ஸ் இன்னாசியம்மாள் நின்றார். “சார், அவங்க மண்ணீரலச் சொல்றாங்க. கறிக்கடைல அதுக்கு அதான் பேரு.”

டாக்டர் வயிற்றை அழுத்தினார். கல் மாதிரி இருந்தது. ஊசி குத்தி இழுத்தார். வந்த ரத்தம் குழாயில் உறையாமல் அப்படியே நின்றது; வயிற்றுக்குள் கசிந்து தேங்கிய ரத்தம்தான் அப்படி உறையாதாம். அதன்பிறகு அவர் நடக்கவில்லை, ஓடினார்.

எப்படி அடிபட்டது என்று எழுதக் கேட்டபோது காதர் பீவி என்னைப் பார்க்காமலே சொன்னார், “கல்லு தடுக்கி விழுந்தேன்.”

மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெரிய ரத்தக்குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் மூன்றுக்கும் போகிறதாம். உள்ளங்கை அளவு உறுப்புக்கு அவ்வளவு ரத்தம். கிழிந்தால் வெளியே சொட்டாது, வயிற்றுக்குள்ளேயே தேங்கும். அது மேலே உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியும். இதெல்லாம் டாக்டர் பிறகு சொன்னது. மண்ணீரல் இல்லாத உடம்பு காய்ச்சலைத் தாங்காது, சூடு தெரிந்தால் மறுநாள் வரை பொறுக்காமல் கூட்டிவா என்று என்னிடம்தான் சொன்னார். என்னை மகன் என்று நினைத்துவிட்டார். நானும் திருத்தவில்லை.

இப்போது தை. தினமும் காலையில் போய் வம்பிழுப்பேன். திட்டு பலமாக விழுந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று கணக்கு. இன்று காலை, பெற்ற பிள்ளையைச் சொல்வது போல, “போடா அப்பு” என்று மட்டும் சொன்னார். நெற்றியில் கை வைத்தேன், கொதித்தது.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்னாசியம்மாள் இரண்டு முறை ஊசியோடு உள்ளே போனார். இரண்டு முறையும் வெளியே வந்து, இரு, பார்க்கலாம் என்றார். உள்ளே இன்னும் யாரும் யாரையும் திட்டவில்லை.