ஏகமனதாக

சீனித்தாயை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் தொண்ணூற்றாறில் அவள் வார்டு மெம்பர் ஆனாள். புதூர்ப் பக்கத்துக் கரிசல் ஊர் அது. வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட, பஞ்சாயத்துத் தலைவர் பெருமாள்சாமி வாயில்லாத ஒருத்தியைத் தேடி, ஆடுகளோடு காடே கதியென்று கிடந்த இவளைப் பிடித்தார். பெயரெழுத நாலு நாள் பழக்கினார். எதிர்த்து ஒருவரும் மனுப் போடாமல் பார்த்துக்கொண்டார். சட்டம் மேலே இருந்து வந்தது, மெம்பர் தலைவர் வீட்டிலிருந்து வந்தாள், ஓட்டுப் போட வேண்டிய சனத்தை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. இதற்கு மக்களாட்சி என்று பெயர் வேறு.

மெம்பர்கள் கூட்டம் என்று ஒன்றை அவள் கண்டதே இல்லை. கிளார்க் இராமச்சந்திரன் தீர்மானப் புத்தகத்தோடு சைக்கிளில் காட்டுக்கே வருவான். அவன் விரல் வைத்த இடத்தில் பெயரை எழுதுவாள். எழுத்து கோணாமல் வந்தால் அவளுக்கு ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டு வருஷம் போனது. ஒருநாள் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்துக்கு ஆடுகளை ஓட்டிப் போனால், சுற்றிலும் முள்வேலி. ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று என்றான் காவலாள். அதை விட்டால் ஊர் ஆடுகளுக்கு மேய வேறு இடமில்லை.

"யாரைக் கேட்டு விட்டாவ?"

"நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கிய."

யூனியன் ஆபீசுக்கு ஓடினாள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "தீர்மானம் ஏகமனதா நிறைவேறியிருக்கும்மா. கோவில்பட்டியில மெம்பர்களுக்குப் பயிற்சி முகாம் இருக்கு, வாங்க. மக்களாட்சின்னா என்னன்னு சொல்லித் தருவாங்க." நிலத்தைப் பறிகொடுத்து நிற்கிறவளுக்குப் பாடம் நடத்த வந்துவிட்டார்கள்.

அவள் முகாமுக்குப் போகவில்லை. வீடு வீடாகப் போனாள். "நான்தான் தெரியாமப் போட்டேன். குடியரசு தினத்தன்னைக்குக் கிராம சபைக்கு வந்து கேளுங்க" என்றாள். திட்டினார்கள். தீவனமில்லாமல் ஐந்து ஆட்டை விற்றிருந்த வெள்ளைத்தாய் முகத்திலடித்த மாதிரி கதவைச் சாத்தினாள்.

கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் கலைகிற கூட்டம் அது. அந்த வருஷம் யாரும் கலையவில்லை. விட்டுவர இடமில்லாததால் ஆடுகளும் வந்திருந்தன. தீர்மானப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னாள் சீனித்தாய். எரியாத தெருவிளக்குக்கு பல்பு மாற்றியது, ஏகமனதாக. மண்வெட்டியே படாத ஊருணியைத் தூர் வாரியது, ஏகமனதாக. நிலக் குத்தகை, ஏகமனதாக. கேட்கக் கேட்கச் சனத்துக்கு ரத்தம் கொதித்தது.

"ஏட்டி, உன்னை மெம்பராக்குனதே நான்தான?" என்றார் பெருமாள்சாமி.

"அதுதான் அண்ணாச்சி தப்பு. இவிய சொல்லட்டும், நான் இருக்கவா, போகவா?"

"எலக்சன் என்னைக்கோ முடிஞ்சு போச்சு."

"எங்கள யாரு கேட்டா?" என்றாள் வெள்ளைத்தாய். "அவ இருக்கட்டும். ஆனா இனிமே எதுன்னாலும் இங்கன, எங்க முன்னால படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடணும்."

குத்தகை ரத்து என்று எழுதச் சொன்னார்கள். கைகள் எழுந்தன. பெருமாள்சாமி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இராமச்சந்திரன் எழுதி, படித்துக் காட்டினான்: "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது."

பேனாவை வாங்கிய சீனித்தாய் நிறுத்தினாள்.

"அதை அடிங்க. தலைவர் கை தூக்கலைல்லா, அப்படியே எழுதுங்க. அவியளும் இந்த ஊர்தான்."