அம்மா கழுவிய கழிவறைகள்

என் அம்மா தேசம்மாள் மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறாள். நான்கு வீடுகளிலும் கழிவறை கழுவுவதும் அவள் வேலைதான். ஒன்றைக்கூட அவள் பயன்படுத்தியதில்லை. இது எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது, அதுவும் ஒரு டாக்டர் கேட்ட பிறகு.

அம்மா பிறந்தது அடையாற்றங்கரைக் குடிசையில். குடிசைகளைப் பிரித்துப்போட்டபோது பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். வேலை மயிலாப்பூரிலேயே நின்றுவிட்டது. காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால் வீடு திரும்ப மூன்றாகும். அந்தப் பத்து மணி நேரத்துக்கு பஸ்ஸில் வரும் பெண்கள் எல்லோருக்கும் ஒரே வழக்கம்: கிளம்பும் முன் ஒரு தடவை போய்விட்டு வருவது, பிறகு தண்ணீரைத் தொடாதிருப்பது. நாக்கு வறண்டால் வாயில் ஒரு துண்டு பாக்கு. புதிதாக வந்தவள் யாராவது பாட்டிலைத் திறந்துவிட்டால் கேலிதான்.

"இன்னாடி, தண்ணி லாரி மாரி ரொப்பிக்கினு கீற? நடுவுல எந்த வூட்டு வாசல்ல போய் நிப்ப?"

அதற்குச் சத்தமாகச் சிரிப்பவள் அம்மா. தாங்கிக்கொள்வதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

கல்லூரியில் பெண்கள் நலம் பற்றி நான் ஒரு போஸ்டர் வரைந்தேன். தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள், மனம்விட்டுப் பேசுங்கள் என்று எழுதியிருந்தேன். பரிசு கிடைத்தது. அதைச் சமையலறையில் ஒட்டியபோது அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாள். "நல்லா கீது. நீங்க குடிங்க," என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தப் புரட்டாசியில் அவளுக்கு ஒரு வாரமாக இடுப்பு வலி, குளிர் ஜுரம். மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போனாள். ஒருநாள் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்துச் சரிந்தாள். கூட வந்த பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எனக்கு போன் செய்தார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை யூரின் போவீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"காலைல ஒண்ணு. சாயந்திரம் ஒண்ணு."

"நடுவுல?"

"நடுவுல வேல மேடம்."

கிருமி சிறுநீரகம் வரை போய்விட்டது, படுக்க வேண்டும், இதே மாதிரி தொடர்ந்தால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்றார் டாக்டர். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "கொலு நேரம் மேடம். மாத்திர குடுங்க, போய்க்கினே இருக்கேன்."

அம்மா கையில் ட்ரிப்ஸ் ஏற்றிய பிறகு, லீவு சொல்ல விஜயலக்ஷ்மி ஆன்ட்டிக்கு நானே போன் போட்டேன். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அம்மா அங்கே பதினோரு வருஷமாக வேலை செய்கிறாள்.

"நவராத்திரி பாரு, தினம் பத்துப் பேர் வந்துண்டு இருக்கா. இப்பப் போய் லீவா?"

"எங்கம்மா உங்க டாய்லெட்டுக்கு ஏன் ஆன்ட்டி போகக்கூடாது?"

"அவ கேட்டதே இல்லையேம்மா."

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

"கீழ வாட்ச்மேனுக்குன்னு ஒண்ணு இருக்கோன்னோ?"

"பதினோரு வருஷம் உங்க அசிங்கத்தக் கழுவுனவங்க. அவங்க உட்கார்ந்தா அசிங்கமாயிடுமா?"

போன் வைக்கப்பட்டது.

அம்மாவிடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று நினைத்தேனோ என்னவோ.

"யாரக் கேட்டு போன் போட்ட? உனுக்கு ஆபீஸ்ல பாத்ரூம் கீது, ரோசம் பொத்துக்கினு வருது. என் வேல பூட்டா நீயா வந்து தேய்ப்ப?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஈக்காட்டுத்தாங்கல் ஆபீசில் நான் தினம் ஐந்து தடவை எழுந்து போகிறேன். ஒருநாள்கூட எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்ததில்லை. அந்த போனில் நான் கத்தியது அவளுக்காகவா, அந்த வெட்கத்துக்காகவா?

டிஸ்சார்ஜ் ஆகி ஆறாம் நாள் அவள் வேலைக்குக் கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்லியும் கூடவே போனேன். விஜயலக்ஷ்மி ஆன்ட்டி கதவைத் திறந்து முதலில் என்னைப் பார்த்தார்.

"உன் பொண்ணு என்ன பேச்சுப் பேசிட்டா தெரியுமோ?"

"அவ பேசுனது தப்பும்மா," என்றாள் அம்மா. என் முகம் எரிந்தது. "ஆனா நான் இனிமே தண்ணி குடிக்கணும். பாத்ரூம் போவணும்."

"அதான் கீழ..."

"கீழ தாப்பா இல்ல. நீங்க போவீங்களா?"

"இன்னிக்கு ஒரு நாள்னா போயிட்டு வா."

"டெய்லிம்மா."

ஆன்ட்டி உள்ளே திரும்பிப் பார்த்தார். கூடத்தில் இன்னும் கொலுப்படி பிரிக்காமல் இருந்தது. "ஆத்துல பெரியவா இருக்கா. சரிப்படாது தேசம்மா."

"அப்ப சரி." அம்மா இடுப்பில் செருகியிருந்த அந்த வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

தெருமுனை வரை வேகமாக நடந்தாள். பிறகு நின்றாள். "இப்ப மனசு குளுந்துச்சா உனுக்கு?"

அவள் மறுபடி நடக்க, நானும் பின்னாலேயே போனேன்.

அடுத்த வீடு அதே தெருவில், இரண்டாவது மாடி. ஒன்பது வருஷ வேலை. மணியை அழுத்துவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க நீ வாயத் தொறக்காத. நான் கேட்டுக்கறேன்."