கையைக் கட்டிக்கொண்டு வார்டு நடத்திய கன்னியம்மாள்

புதன்கிழமை காலை நான் முதலில் செய்த வேலை, அடுத்த வாரத்து டூட்டி லிஸ்ட் எழுதியது. பெண்கள் வார்டுக்கு நேரே பழக்கத்தில் 'கன்னியம்மாள்' என்று எழுதிவிட்டேன். டைபாய்டு ஜுரத்தில் படுத்திருப்பவர் இன்னும் மூன்று வாரத்துக்காவது எழுந்திருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தபோது வெளியே சைக்கிள் மணி கேட்டது. அவருடைய தம்பி ஏழுமலை மாங்காட்டிலிருந்து வந்திருந்தான்.

"அக்கா பூட்டுச்சிம்மா," என்றான். "விடியக்காலம் வயித்தால ரத்தமா போச்சு. டாக்டரை இட்டுகினு வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சு." பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்து, வார்டின் துணி அலமாரிச் சாவியை எடுத்து நீட்டினான். "இந்தாங்க. நேத்தே குடுக்கச் சொல்லிச்சு. மறந்துட்டேன்னு தெரிஞ்சா என்னை வையும்."

வையும் என்று அவன் சொன்னதை அவனே ஒரு கணம் கழித்துத்தான் உணர்ந்தான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதான்.

பூந்தமல்லி ரஸ்தாவில் உள்ள நம் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்களுக்கும், அங்கே படுத்து எழுந்தவர்களுக்கும் கன்னியம்மாளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவரைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் இந்த அஞ்சலியை எழுத முடியாது. ஏனென்றால் என் மேஜைமேல் பாதி எழுதிய ரிப்போர்ட் ஒன்று கிடக்கிறது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு அதைக் கொடுக்க வேண்டும். ஆண்கள் வார்டு ஹெட் நர்ஸ் லீலாவதியை வேலையை விட்டு அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்பது அதைப் பொறுத்தது. அந்தப் பெண்ணின் கதை எனக்கும் கன்னியம்மாளுக்கும் நடுவில் நடந்த பழைய கதையின் மீதிதான்.

ஒன்பதரை வருஷத்துக்கு முன் நான் இங்கே வார்டு சிஸ்டராக வந்தேன். பி.ஏ. படித்துவிட்டுப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சியும் முடித்தவள் என்பதால், வந்த அன்றே வார்டை என்னிடம் கொடுத்தார்கள். கன்னியம்மாளுக்கும் என் வயதுதான். எட்டாவது வரை படித்து, கணவன் விட்டுப் போன பிறகு நர்ஸ் வேலை கற்றுக்கொண்டு, அப்போதே பத்து வருஷம் அந்த வார்டில் உழைத்திருந்தார். எனக்கு மேலே இருக்க வேண்டியவர் எனக்குக் கீழே வேலை செய்தார். அதை மறைக்கவும் மாட்டார். நான் ஊசி போடுவதைப் பார்த்துவிட்டு, "பி.ஏ. கை சுத்தமாத்தான் கீது," என்று மற்ற நர்ஸ்களிடம் எனக்குக் கேட்கும்படி சொல்லுவார்.

நான் வந்த ஆறாம் மாதம் மழைக்குப் பிறகு வாந்திபேதி வந்தது. இருபது கட்டில் வார்டில் நாற்பதுக்கு மேல் பெண்கள். பாதிப்பேர் தரையில். நான்கு கட்டில்களில் உப்புநீர் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நான்காம் கட்டிலில் ஒரு கர்ப்பிணிப் பெண். அவளுக்கு நரம்பு கிடைக்கவில்லை. மதியம் பன்னிரண்டரையிலிருந்து அவள் கையைப் பிடித்தபடி நானே ஊசியோடு போராடிக்கொண்டிருந்தேன். அந்த ஊரிலேயே என்னைவிடச் சுத்தமாக அதைச் செய்யக்கூடியவர் இல்லை என்பது என் நினைப்பு. ஒன்பதாம் கட்டிலில் பாட்டில் தீரப் போவது ஓரக்கண்ணில் தெரிந்தது. திரும்பாமலே, "யாராவது ஒன்பதைப் பாருங்கள்," என்று கத்தினேன்.

வார்டில் ஐந்து பேர் இருந்தோம். எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வேலை இருந்தது. ஒவ்வொருவரும் இன்னொருவர் போயிருப்பார் என்று நினைத்தார்கள். நான் நிமிர்ந்தபோது ஒன்பதாம் கட்டில் பாட்டில் காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது. அவள் பெயர் சின்னப்பொண்ணு. கண்கள் திறந்திருந்தன.

நான்காம் கட்டில் பெண் பிழைத்தாள். அதைச் சொல்லியே பல வருஷம் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

பெரிய டாக்டர் அன்று மாலைக்குள் ரிப்போர்ட் கேட்டார். இங்கிலீஷில் எழுதினேன். ஒன்பதாம் கட்டிலைக் கவனிக்கும்படி கன்னியம்மாளிடம் சொல்லப்பட்டது, அவர் கவனிக்கவில்லை என்று எழுதினேன். அவர்தான் ஒன்பதுக்கு அருகில் இருந்தார். அதனால் அவரிடம்தான் சொன்னேன் என்று எழுதும்போதே என்னை நம்ப வைத்துக்கொண்டேன். கையெழுத்துக்காகக் காகிதத்தை அவர் முன் வைத்தேன். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரியும் அவருக்கு. விரல் வரி வரியாக நகர்ந்து ஓர் இடத்தில் நின்றது.

"இங்க என் பேர் கீதே. இன்னா எழுதிக் கீறீங்க?"

தமிழில் சொன்னேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "என் பேரைச் சொன்னீங்களா, சிஸ்டர்?"

பெரிய டாக்டர் கதவருகே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை நீட்டினேன். கன்னியம்மாள் அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவரைக் கட்டுப்போடும் அறைக்கு மாற்றினார்கள். ஒன்றரை வருஷம் அங்கே புண் கழுவினார். எப்படி அதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பிற்காலத்தில் ஒருமுறை கேட்டேன். "வேலை பூட்டா நான் எங்க போவேன்?" என்றார். அவ்வளவுதான். அதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் பெண்கள் வார்டுக்கு ஹெட் நர்ஸாகத் திரும்பியபோது நான் எல்லா வார்டு நர்ஸ்களுக்கும் மேலான மேட்ரன் ஆகியிருந்தேன். அடுத்த வருஷம் துணி துவைக்கும் கல்லில் வழுக்கி வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். லீவு எடுக்க மறுத்துவிட்டார். முக்கோணத் துணியில் கையைக் கழுத்தோடு தொங்கவிட்டுக்கொண்டு வார்டின் நடுவில் நின்றே இருபது நாள் வேலை நடத்தினார். அந்த இருபது நாளில் ஒரு மருந்து வேளை தவறவில்லை. ஒரு பாட்டில் காலியாகத் தொங்கவில்லை. கட்டு அவிழ்த்த அன்று என் அறைக்கு வந்தார். "கை வேலை செஞ்சினு இருந்தா கண்ணு ஒரு பெட்டாண்டயே நின்னுபூடுது, சிஸ்டர். நல்லா வேலை செய்யறவளுக்குத்தான் அது ஜாஸ்தி. அவளைத்தானே நாம ஹெட் நர்ஸா போடறோம்?"

அதன் பிறகு ஹெட் நர்ஸ் ஆகப்போகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு நாள், காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை, வலது கையைத் துணியில் கட்டிவிடுவார். அந்த நாள் முழுக்க எதையும் தொடக் கூடாது. சொல்லித்தான் வேலை வாங்க வேண்டும். முதலில் கட்டிக்கொண்ட பெண் பத்து மணிக்கெல்லாம் அழுதுவிட்டாள். கட்டிலில் படுத்திருந்த பூந்தமல்லித் தோல் வியாபாரி வீட்டு ஹாஜிரா பீ அவளை விடவில்லை.

"இன்னாடி பொண்ணே, நோயாளியைப் பாக்க வந்தியா, பக்கத்து பெட்டுல படுக்க வந்தியா?"

வார்டே சிரித்தது. கன்னியம்மாள் சிரிக்கவில்லை. அந்தப் பெண் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "யாராவது அந்தப் பாத்திரத்தை எடுங்க," என்றபோது அவள் முன்னால் போய் நின்றார். "யாராவதுன்னு இங்க யாருக்கும் பேர் இல்ல. பேரைச் சொல்லு, பெட்டைச் சொல்லு, எப்ப முடியணும்னு சொல்லு. அப்பால முடிஞ்சிதான்னு போய்ப் பாரு."

நான் வாசலில் நின்று அதைக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்காகச் சொன்னாரா? தெரியாது. ஆனால் அந்த முக்கோணத் துணி கண்ணில் பட்டாலே நான் வேறு வார்டுக்குப் போய்விடுவேன். "நீங்களும் ஒரு நாள் கட்டிக்குங்களேன், சிஸ்டர்," என்று ஒருமுறை கேட்டார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அவர் மென்மையானவர் என்று யாராவது அஞ்சலிக் கூட்டத்தில் பேசினால் நம்பாதீர்கள். நர்ஸ்களை அழ வைப்பார். தவறு செய்தவளை நோயாளிகள் எதிரிலேயே கேள்வி கேட்பார். அது சரியல்ல என்று நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அவர் கட்டிவிட்ட கையோடு அந்த ஒரு நாளைக் கழித்த ஆறு பேரும் நடத்திய வார்டுகளிலிருந்து, கவனிப்பாரில்லாமல் ஒரு நோயாளி இறந்ததாக எனக்கு ஒரு ரிப்போர்ட்கூட வந்ததில்லை.

ஆறு மாதத்துக்கு முன் கமிட்டிக்காரர் ஒருவர் வார்டைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, கை கட்டிய ஒரு நர்ஸைப் பார்த்து என்ன காயம் என்று விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் பெரிய டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இது ஆஸ்பத்திரியா, நாடகக் கொட்டகையா?" என்றார். நான் வாதாடியிருக்கலாம். அன்று மாலையே அந்தப் பழக்கத்தை நிறுத்தி உத்தரவு எழுதினேன். அவர் சொன்னதால் நிறுத்தினேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதே உண்மை.

கன்னியம்மாள் உத்தரவை நான்காக மடித்தார். "உங்க இஷ்டம். வேற எப்படிக் கத்துக் குடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க."

வார்டு நிர்வாகம் பற்றி ஆறு வகுப்புகள் எடுத்தேன். கரும்பலகையில் படம் போட்டேன். பெண்கள் அழகாக எழுதிக்கொண்டார்கள். பரீட்சையில் லீலாவதி முதலாவதாக வந்தாள். இந்த யுத்தத்தில் நம் நர்ஸ்களில் பாதிப்பேர் பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்ட நிலையில், இரண்டு மாதத்துக்கு முன் அவளை ஆண்கள் வார்டுக்கு ஹெட் நர்ஸாகப் போட்டேன். அவளைப் போலக் கட்டுப்போட இங்கே ஆள் இல்லை.

போன மாதம் ஒரு காலை, அவள் பெரிய காயம் ஒன்றுக்குத் தன் கையாலேயே கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். ஜுரத்தில் பிதற்றிக்கொண்டிருந்த ஒருவர் கட்டிலைவிட்டு எழுந்து நடந்தார். வராந்தாப் படியில் விழுந்து தலை உடைந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார். ஆவடியில் அவருக்கு மனைவியும் மூன்று பெண்களும் இருக்கிறார்கள். லீலாவதி என் அறையில் நின்று நடந்ததைச் சொன்னாள்.

"அவர் எழுந்ததை நான் பார்த்தேன், மேட்ரம்மா. 'யாராவது அவரைப் பாருங்க'ன்னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன்."

"நீ போ, நான் கூப்பிடுகிறேன்," என்று மட்டும் சொன்னேன். அதற்கப்புறம் அவளைக் கூப்பிடவில்லை. கமிட்டியோ அவளை அனுப்பிவிட்டு, இனி எங்கும் நர்ஸாக வேலை செய்ய முடியாதபடி எழுதிவிடவும் தயாராக இருக்கிறது. என் ரிப்போர்ட் ஒன்றுதான் பாக்கி.

போன ஞாயிற்றுக்கிழமை மாங்காட்டுக்குப் போய்க் கன்னியம்மாளைப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அந்த நிலையிலும் அவர் கேட்டது இதைத்தான்:

"அந்தப் பொண்ணை இன்னா பண்ணப் போறீங்க?"

"கமிட்டி முடிவு செய்யும்."

"கமிட்டியாண்ட எழுதிக் குடுக்கறது யாரு?"

"நான்தான்."

"அப்ப சரி," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நம்பிக்கையா, குத்தலா என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கலாம் என்றிருந்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது எது என்று கேட்டால், அன்பு என்றோ பொறுமை என்றோ சொல்ல முடியாது. அவை எங்களுக்குள் அதிகம் இருந்ததில்லை. பதில் கிடைக்காத ஒரு கேள்வியை ஒருவர் முன் வைத்துவிட்டு, அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் அதே கட்டிடத்தில் அவரோடு வேலை செய்கிற திராணி இருந்ததே, அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். எனக்கு அது வராது. அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது.

இப்போது சொல்லப்போவதை, இதை எழுதும் இந்த நிமிடம் வரை யாரிடமும் சொல்லவில்லை. பெரிய டாக்டருக்குத் தெரியாது. லீலாவதிக்கும் தெரியாது. திங்கட்கிழமை கமிட்டி முன் நான் இரண்டு காகிதங்கள் வைக்கப்போகிறேன். முதலாவதில், ஹெட் நர்ஸ் வேலைக்குத் தேவையான ஒரே பயிற்சியை நிறுத்தியவளும், அது இல்லாமல் ஒரு பெண்ணிடம் வார்டைக் கொடுத்தவளும் மேட்ரன் என்று இருக்கும். லீலாவதியை அனுப்புவதானால் என்னை முதலில் அனுப்ப வேண்டியிருக்கும். இதை நீங்கள் படிக்கும்போது நான் இந்த அறையில் இல்லாமலும் இருக்கலாம்.

இரண்டாவது, ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டுக்கு ஒரு திருத்தம். அதை எழுதி முடித்துவிட்டேன். மூன்று வரிதான்: 'ஒன்பதாம் கட்டிலைக் கவனிக்கும்படி கன்னியம்மாளிடம் சொல்லப்படவில்லை. பெயர் சொல்லி எவரிடமும் சொல்லப்படவில்லை. அன்று வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவள் நான்.'