பூச்சுக்கறி

அண்ணி எனக்கு அண்ணி இல்லை. எனக்குக் கூடப்பிறந்தவனே கிடையாது. பக்கத்து வீட்டில் அவளுடைய கொழுந்தனும் நாத்தனாரும் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தக் கட்டடம் முழுக்க அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. அவளைவிட மூத்தவளான நானும் அண்ணி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

என் தையல் மெஷின் இருக்கும் ஜன்னலுக்கு நேர் எதிரே அவர்கள் சமையலறை ஜன்னல். நடுவில் ஒரு குறுகிய சந்து, அவ்வளவுதான். எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு தம்ளர்கூட உருண்டதில்லை. ஒட்டுக்கேட்கிறாள் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். காதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டா தைக்க முடியும்?

அந்த ஜன்னலை அவள் சாத்தினால் உள்ளே பூச்சுக்கறி ஆகிறது என்று அர்த்தம். கடையில் இதை மீட் பை என்பார்கள். கொத்துக்கறியை வெங்காயம், கேரட்டோடு சுண்ட வேகவைத்து, ஆழமான தட்டில் பரப்பி, மேலே மசித்த உருளைக்கிழங்கால் மூடி, ஓவனில் வைத்து மேல்புறம் சிவந்ததும் எடுப்பது. அவள் கணவன் கப்பல் சமையலறையில் வேலை பார்த்தவன். லீவில் வந்தபோது வீட்டில் செய்து காட்டினான். மாமனார் சுவர் பூசும் கொத்தனார். மகன் கிழங்கைக் கரண்டியால் வைப்பதைப் பார்த்துவிட்டு, "இது பூச்சா, அப்பி வச்சதா? முதல்ல ஓரத்தைக் கட்டுடா" என்று அதட்டினாராம். அன்றைக்கு விழுந்த பெயர்தான் பூச்சுக்கறி.

பிறகு ஒரு தடவை போன கப்பலிலிருந்து அவனுடைய பெட்டி மட்டும் வந்தது.

அண்ணிக்கு ஓர் அண்ணன் உண்டு. பஸ் ஸ்டாண்டை ஒட்டிச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன். அந்தக் கடை அடுப்படியில்தான் அவள் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் போனதைவிட வெங்காயம் உரித்ததுதான் அதிகம். கூலி என்ற பேச்சே கிடையாது. "கூடப்பிறந்தவளுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா?" என்பது அவன் நியாயம். கல்யாணம்தான் அவளை அந்தப் புகையிலிருந்து வெளியே எடுத்தது. அண்ணன் கெட்டவன் என்றால் ஒரு சண்டை போட்டு ஒதுங்கிவிடலாம். பாசக்காரன், அதுதான் தொல்லை. தங்கை தனியாகிவிட்டாள் என்றதும், "வந்துடும்மா, நம்ம வீடு இருக்கு, நம்ம கடை இருக்கு" என்று கண்ணீர் விட்டான். கிளம்புவதற்கு நாளும் குறித்தாகிவிட்டது.

அந்த வாரம் மாமனார் விழுந்தார். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் ஏறக்குறையப் போய்விட்டது. சாப்பாட்டைப் பார்த்தாலே வாயை இறுக்கிக்கொண்டார். எதைக் கொடுத்தாலும் துப்பினார். அண்ணி கடைசியாக இதைச் செய்து வைத்தாள். மனுஷர் அழுதுகொண்டே தட்டைக் காலி பண்ணினார். அதற்குப் பிறகு மத்தியானத்துக்கு அது ஒன்றுதான், அதுவும் அவள் செய்தது மட்டும்தான். வேறு யார் செய்தாலும் மேலே வெடித்திருக்கும், இல்லை ஓரத்தில் குழம்பு கசிந்திருக்கும். அவர் ஒரு பார்வை பார்ப்பார், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அவருக்கு அது சாப்பாடு இல்லை, எவனோ கெடுத்துவைத்த சுவர்.

அண்ணியின் பயணம் நின்றது. அந்தத் தட்டு இருக்கும்வரை தனக்கு அந்த வீட்டில் ஓர் அறை இருக்கும் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்த நாளிலிருந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்தாள்.

ஒரு தடவை, "ஒரு நாள் கடற்கரைப் பக்கம் போய்ட்டு வரலாம், வாயேன்" என்று கூப்பிட்டேன்.

"நான் இல்லாத நேரத்துல யாராவது பண்ணிக் குடுத்து, அவர் சாப்பிட்டுட்டார்னா?"

"சாப்பிட்டா நல்லதுதானே" என்றேன் நான், பெரிய புத்திசாலி மாதிரி.

அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. ஜெயிலில்கூட வெளியேயிருந்துதான் பூட்டுவார்கள். இவள் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அது கழன்றுவிடாமல் கையால் வேறு பிடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம், காரியம், சினிமா எதுவும் கிடையாது. ஜுரத்தோடு கிழங்கு வாங்கிக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறேன்.

இதற்கிடையில் கொழுந்தனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீட்டில் இருப்பதோ இரண்டே அறை. "அண்ணி பாவம், எத்தனை நாள்தான் அப்பாவுக்கே உழைப்பாங்க? அவங்களும் அவங்க அண்ணன் வீட்டுல நிம்மதியா இருக்கட்டுமே" என்று அவன் போனில் நாத்தனாரிடம் சொன்னதை நானே கேட்டேன். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

நாத்தனார் லீவு போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். வெளியூரில் ஆபீஸ் வேலை, தங்கமான பெண். "அண்ணி, எனக்குக் கத்துக்குடுங்க. நான் கத்துக்கிட்டு வேலைக்கு வர்ற அம்மாவுக்குச் சொல்லிக்குடுத்துடறேன். நீங்க ஃப்ரீயாயிடலாம்."

அன்றைக்கு ஜன்னல் திறந்தே கிடந்தது. அண்ணி சிரித்த முகத்தோடு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள், இரண்டைத் தவிர. அந்த இரண்டும் எனக்கே மறுநாள்தான் தெரிந்தது. வெந்த கிழங்கை வடித்ததும் திரும்பச் சட்டியில் போட்டு, சின்னத் தணலில் ஈரம் வற்ற வைக்க வேண்டும். கறி ஆறிய பிறகுதான் மேலே பூச வேண்டும். கொதிக்கிற கறிமேல் ஈரக் கிழங்கைப் போட்டால் என்ன ஆகும்? கிழங்கு உள்ளே இறங்கிவிட்டது, குழம்பு மேலே வந்துவிட்டது. மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பினார். நாத்தனார் அழுதாள்.

"விடும்மா. கை பழகணும்" என்று அண்ணி அவளை அணைத்துக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே தெரிந்த அண்ணியின் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுநாள், கொழுந்தன் கல்யாணத்துக்கு நாத்தனார் போடும் ரவிக்கைக்கு அளவெடுக்க அங்கே போயிருந்தேன். அவள் விடுவதாயில்லை. ஓவனில் வைக்கும் முன்பே எல்லாவற்றையும் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவின் நாற்காலி முன் மேஜையில் வைத்தாள். "நீங்களே பாருங்கப்பா. எங்க தப்புன்னு காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, ஆவி பறக்கும் கறியின் நட்டநடுவில் கிழங்கைக் கொட்டிப் பரப்ப ஆரம்பித்தாள்.

கிழவரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடது கை எழுந்தது. மகள் கையிலிருந்த கரண்டியைப் பறித்து, போட்ட கிழங்கையெல்லாம் வழித்துச் சட்டியில் தள்ளினார். அடுப்பைக் காட்டினார். நாத்தனார் ஓடிப்போய் ஈரத்தை வற்றவைத்துக் கொண்டுவந்தாள். புறங்கையால் தட்டின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். எல்லோரும் கறி ஆறக் காத்திருந்தோம். பிறகு அவர் பூசினார். முதலில் சுற்றிலும் விளிம்போடு அழுத்தி ஓரத்தைக் கட்டி, அங்கிருந்து நடுவுக்கு வந்தார். பழகாத இடது கை, ஆனால் ஓரிடத்தில்கூட விட்டுப்போகவில்லை.

அண்ணி சமையலறை வாசலில் துண்டும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓவனிலிருந்து எடுத்தபோது ஒரு சொட்டு கசியவில்லை. மனுஷர் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, "இன்னும்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தை வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. நாத்தனார் அவர் மடியில் தலையை வைத்து அழுதாள். கொழுந்தன் ஓடிவந்து அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பாவே பண்றாரு. அண்ணிக்கு இனிமே விடுதலை."

எல்லோருடைய முகத்திலும் சந்தோஷம். அண்ணியும் சிரித்தாள். அவசரத்துக்கு ஒட்டுப்போட்ட துணி போலிருந்தது அந்தச் சிரிப்பு. ஒரு நோயாளி திரும்பக் கையால் வேலை செய்ததற்கு வருத்தப்பட்டவள் அன்றைக்கு நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கொழுந்தன் அங்கேயே நின்று அவள் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். விஷயத்தைச் சொன்னான். "இதுக்கு மேல அவங்களை நாங்க பிடிச்சு வச்சுக்கிறது நியாயமில்லைங்க" என்றான்.

பின்னால் பாத்திரச் சத்தமும் ஆர்டர் சத்தமுமாக அண்ணனின் குரல் வந்தது. "ரொம்ப சந்தோஷம் தம்பி. நாளைக்கே வண்டியோட வரேன். அம்மாடி, பக்கத்துல இருக்கியா? அங்க கறி மேல கிழங்கு வச்சு என்னமோ பிரமாதமா பண்றியாமே. இங்க பஸ்ஸுக்கு நிக்கிற கூட்டத்துக்கு அது பறந்துடும்மா. ஒரு நாளைக்கு எத்தனை தட்டு உன்னால முடியும்?"

எல்லோரும் பெருமையாகச் சிரித்தார்கள். மாமனார் அவள் பக்கம் திரும்பி, கஷ்டப்பட்டு உதட்டைக் கூட்டி, "போம்மா. நல்லா இரு" என்றார். மனதாரச் சொன்னார், பாவம்.

அண்ணி காய்ந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"உங்க கடை ஓவன் எவ்வளவு பெருசுண்ணா?" என்று கேட்டாள்.