நார்பர்ட் பல் கட்டிய குளிர்காலம்

நார்பர்ட் லைக்கர் ஒரு நாளைக்கு மனிதர்களிடம் பேசும் வார்த்தைகளைக் கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். எங்கள் ஊர்த் தானியக் கிடங்கில் எடை மேடை அவன் பொறுப்பு. கோதுமை லாரி வந்து மேடையில் நிற்கும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து நார்பர்ட் தலையை ஆட்டுவான். லாரி போகும். முப்பத்தோரு வருஷமாக இதுதான் நடைமுறை. ஒருமுறை நெப்ராஸ்கா பக்கத்திலிருந்து வந்த புது டிரைவர் ஒருத்தன், இவனுக்குப் பேச்சு வராது போலிருக்கிறது என்று நினைத்து, கழிவறை எங்கே இருக்கிறது என்பதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினானாம். நார்பர்ட்டும் பதிலை எழுதியே கொடுத்து அனுப்பினான்.

ஆனால் காகங்களிடம் அவன் அப்படி இல்லை.

மேல்வரிசையில் அவனுக்கு முன்பல் இரண்டு கிடையாது. அந்தச் சந்து வழியாக, கையைக் குவித்து அவன் ஒரு சத்தம் கொடுப்பான். அரை மைலுக்கு அப்பால் போகிற காகம் அப்படியே திரும்பும். 'இங்கே தீனி இருக்கிறது' என்பதற்கு ஒரு குரல். 'ஆந்தையைப் பிடித்துவிட்டோம், எல்லாரும் ஓடி வாங்க' என்பதற்கு ஒரு குரல். அடிபட்ட குஞ்சு அழுவதற்கு ஒன்று. இன்னும் ஒன்று உண்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் நார்பர்ட் சிவந்துபோவான்.

நான் எல்டன். சமையல் வாயு லாரி ஓட்டுகிறேன். எங்கள் காக வேட்டைக் கூட்டத்தில் மூன்றாவது ஆள் பெர்னீட்டா, என் சித்தப்பா மகள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். துப்பாக்கி பிடிப்பதில் எங்கள் இரண்டு பேரையும் ஒரு கையில் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். நவம்பர் பத்தாம் தேதி காக வேட்டைக்குச் சட்டப்படி கதவு திறக்கும், மார்ச் பத்தாம் தேதி மூடும். அந்த நான்கு மாதமும் எங்கள் சனிக்கிழமைகள் கிளீட்டஸின் மாட்டுப் பட்டியில்தான்.

கிளீட்டஸ் மாடுகளுக்கான ஊறல் தீவனத்தை நீளமான வெள்ளைப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து வைத்திருப்பான். ஒவ்வொன்றும் ஒரு ரயில் பெட்டி நீளம். காகங்கள் அதில் உட்கார்ந்து பொழுதுபோகாமல் கொத்தும். ஒரு ஓட்டை விழுந்தால் பத்தடித் தீவனம் கெட்டுப்போகும். "ஒரு காக்காகூட மிச்சம் வைக்காதீங்க" என்று ஒவ்வொரு வருஷமும் வாசல் சாவியை எங்களிடம் கொடுப்பான். ஸ்மோக்கி ஹில் ஆற்றங்கரை மரங்களில் தங்குகிற காகங்கள் ஐந்நூறு, அறுநூறு இருக்கும். எங்களால் ஒரு சீசனில் அடிக்க முடிந்தது அதில் ஐந்தில் ஒரு பங்கு வந்தால் அதிகம். அது கிளீட்டஸுக்கும் தெரியும்.

வேலிக் கம்பத்தில் பிளாஸ்டிக் ஆந்தையை நிறுத்துவோம். அதைச் சுற்றிப் பொம்மைக் காகம் நான்கு. சீடர் என்கிற ஊசியிலை மரங்களுக்கு அடியில், முகத்தில் வலை மாட்டிக்கொண்டு மூன்று பேரும் அசையாமல் உட்காருவோம். காகத்தின் கண் பொல்லாதது. மூக்கைச் சொறிந்தால் போதும், காவல் காகம் ஒன்று கத்திவிட்டுப் போகும், அன்றைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் வராது.

அந்த நவம்பரில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். ரிமோட்டை அமுக்கினால் காகம் போலக் கத்தும் கருவி ஒன்றை வாங்கினேன். வயலில் வைத்து அமுக்கினேன். வந்துகொண்டிருந்த ஏழு காகங்களும் வேறு பக்கம் திரும்பிப் போயின.

"அது வேற ஊர்க் காக்கா" என்றான் நார்பர்ட்.

அன்று முழுக்க அவன் சொன்னது அது ஒன்றுதான். கருவி என் கராஜ் அலமாரிக்குப் போனது.

டிசம்பரில்தான் வயோலா வந்து எங்கள் சீசனில் கை வைத்தாள். நார்பர்ட்டின் மனைவி. அவள் ஆபீஸ் கொடுக்கும் பல் இன்சூரன்ஸ் வருஷக் கடைசியோடு தீர்ந்துவிடும், பயன்படுத்தாவிட்டால் வீண். "உனக்கு இருக்கிற ஓட்டைக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது" என்று சொல்லி அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பல் கட்டவைத்து அழைத்து வந்தாள். கழற்றி மாட்டுகிற பல்.

கிறிஸ்துமஸ் முடிந்த சனிக்கிழமை அவன் என் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தான். அவன் பல் தெரியச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

"யாருடா இந்த ஆளு?" என்றாள் பெர்னீட்டா. "எங்க நார்பர்ட்டை எங்கடா இறக்கி விட்ட?"

"நல்லாருக்கா?"

"சினிமாக்காரன் மாதிரி இருக்க."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அணை உடைந்துவிட்டது. வீட்டு வாசலிலிருந்து கிளீட்டஸின் வேலி வரை நார்பர்ட் பேசினான். வேலியிலிருந்து சீடர் மரம் வரை பேசினான். எந்த விவசாயி ஈரக் கோதுமையைக் காய்ந்ததற்கு அடியில் மறைத்துக் கொண்டுவருவான், எந்த டிரைவர் எடை போடும்போது வண்டியைவிட்டு இறங்க மறந்ததுபோல் நடிப்பான், எங்கள் பங்குச் சாமியாரின் நாய்க்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று எல்லாம் வந்தன. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். சொல்லத்தான் இல்லை. பல் இல்லாத வாயில் 'ச' எல்லாம் 'த' என்று வரும், அந்தக் கூச்சம்.

"நார்பர்ட், காக்கா வருது" என்றேன்.

கையைக் குவித்துக் கூப்பிட்டான். 'கா' வரவேண்டிய இடத்தில் 'ஹ்வீ' என்று வந்தது, கெட்டில் கொதிக்கிற மாதிரி. வந்த காகம் தலையைச் சாய்த்து அவனை ஒரு பார்வை பார்த்தது. போய்விட்டது.

"பழகிக்கும்" என்றான் நார்பர்ட், பேச்சை விட்ட இடத்தில் தொடர்ந்தான்.

ஜனவரி பூராவும் இப்படித்தான். ஒரு சனிக்கிழமை, அவன் பல் போன கதையைக் கேட்டேன். கிடாரிக் கன்று உதைத்துப் போயிற்று என்றுதான் ஊரே நம்பியிருந்தது.

"கன்னுக்குட்டியா? யார் சொன்னா? பத்தொம்பது வயசுல, குளத்துல ஐஸ் மேல சறுக்கப் போனேன். எங்கக்காவோட சறுக்குச் செருப்பு. வயோலா கரையில நின்னா. அவ பாக்கணும்னு பின்பக்கமாவே சறுக்கிப் போனேன்."

"பின்பக்கமாப் போனா முன்பல்லு எப்படிடா போகும்?" என்றாள் பெர்னீட்டா.

"பாக்குறாளான்னு திரும்பிப் பாத்தேன். அங்க ஒரு கம்பம்."

பெர்னீட்டா வலைக்குள்ளேயே மூச்சு முட்டச் சிரித்தாள்.

"வயோலா சிரிச்சாளா?"

"இல்ல. முட்டி போட்டுத் தேடிக் குடுத்தா. ஒண்ணுதான் கெடச்சுது."

தலைக்கு மேல் பதினைந்து காகங்கள் வந்ததை நாங்கள் பார்க்கவில்லை. அவை எங்களைப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டே போனபோதுதான் நிமிர்ந்தோம். அன்றைய கணக்கு பூஜ்யம். முந்தின வாரமும் பூஜ்யம். கிளீட்டஸ் ஓட்டையை ஒட்டுவதற்கு டேப் வாங்கிக்கொண்டிருந்தான்.

நானும் பெர்னீட்டாவும் தனியாகப் பேசினோம். வேட்டை நேரத்தில் அவன் பல்லைக் கழற்றிவிட வேண்டும். யார் சொல்வது?

"நீ சொல்லு, நீதான அவன்கூடப் படிச்சவன்."

"நீ சொல்லு. உன்மேலதான் அவனுக்குப் பயம்."

கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். நார்பர்ட் எங்களை மாறி மாறிப் பார்த்தான். "சரி" என்றான். திரும்பி நின்று, பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான், பேச்சு நின்றது. கூப்பிட்டான், காகங்கள் வந்தன. அன்றைக்குப் பத்தொன்பது விழுந்தன. ஆனால் திரும்பி வரும்போது பிக்கப்பில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பெர்னீட்டா செய்து கொண்டுவந்த பீரோக் பன், முட்டைக்கோசும் இறைச்சியும் அடைத்தது, ஆளுக்கு இரண்டு மிச்சமாகிவிட்டது. பத்தொன்பது காகத்துக்காக ஒரு மனிதனின் வாயைப் பூட்டிவிட்டோமே என்று இருந்தது. அதை நான் அவனிடம் சொல்லவும் இல்லை.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை, மெல்லிய பனி விழுந்திருந்தது. வேட்டையைத் தொடங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நார்பர்ட் சட்டைப் பையைத் தடவினான். மற்ற பையைத் தடவினான். எழுந்து நின்று எல்லாப் பையையும் வெளியே இழுத்துப் போட்டான்.

"பல்லு."

"என்ன?"

"பல்லைக் காணோம். வயோலாகிட்ட என்ன தொல்வேன்?"

அன்று அவன் 'த'வைப் பற்றிக் கவலைப்படுகிற நிலைமையில் இல்லை. துப்பாக்கிகளிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, அவற்றைப் பிக்கப்பில் வைத்தோம். அறுத்த சோளத்தாள்களுக்கு நடுவே மூன்று பேரும் முட்டி போட்டுத் தேடினோம். பனியும் வெள்ளை, பல்லும் வெள்ளை. கால்மணி நேரத்தில் நார்பர்ட் மனம் தளர்ந்து, வயோலாவுக்கே போன் செய்துவிட்டான்.

அப்போதுதான் காகங்கள் வந்தன. எங்கிருந்து என்று தெரியாது. நூறு, இருநூறு, அதற்கு மேல். சீடர் மரங்களில் உட்கார்ந்தன. தீவனப் பையில் உட்கார்ந்தன. ஒன்று பிளாஸ்டிக் ஆந்தையின் தலையிலேயே ஏறி உட்கார்ந்து எங்களைக் குனிந்து பார்த்தது. முட்டி போட்டுக்கொண்டு நாங்கள் என்ன தின்கிறோம் என்று பார்க்க வந்திருக்கும். இருபது வருஷ வேட்டையில் இவ்வளவு காகம் இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. துப்பாக்கியோ நூறு அடி தள்ளி.

"பாக்காத. தேடு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் பெர்னீட்டா.

வயோலா வந்து சேர்ந்தாள். வீட்டுச் செருப்பு, மேலே பெரிய கோட்டு, கையில் மாவு சலிக்கிற சல்லடை. எங்களைப் பார்த்தாள், மரம் நிறையக் காகத்தைப் பார்த்தாள்.

"இங்க வேட்டை ஆடுறது யாரு? நீங்களா, அதுங்களா?"

நார்பர்ட்டுக்குக் கை விறைத்துப்போயிருந்தது. கழற்றி வைத்திருந்த கையுறையை எடுத்து மாட்டினான். "ஐயோ!" என்று கத்தி உதறினான். "உள்ள எதுவோ கடிக்குது!"

அவன் பல்தான். கழற்றும்போது பையில் போடுவதாக நினைத்துக் கையுறைக்குள் போட்டிருக்கிறான்.

பெர்னீட்டா அப்படியே பனியில் மல்லாந்து படுத்துவிட்டாள். நானும் சிரித்தேன். வயோலா மட்டும் சிரிக்கவில்லை.

"எதுக்குக் கழட்டின?"

அவன் எங்களைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. "போட்டுக்கிட்டாக் கூப்பிட முடியல" என்றான்.

"எதை?"

வானத்தைக் காட்டினான்.

"எங்க, கூப்பிடு பாக்கலாம்."

நார்பர்ட் தயங்கினான். பிறகு கையைக் குவித்தான். தீனிக் குரல் ஒன்று கொடுத்தான். அடுத்த நொடி மரத்தில் இருந்தது, பையில் இருந்தது, ஆந்தைத் தலையில் இருந்தது என்று அத்தனையும் சேர்ந்து அவனுக்குப் பதில் கரைந்தன. காது அடைத்துப்போயிற்று. வயோலா சல்லடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். காகங்கள் ஆற்றுப் பக்கம் எழும்பிப் போயின.

"முப்பத்தாறு வருஷம்" என்றாள். "வீட்டுல உப்பு எடுன்னு சொல்றதுக்கே யோசிப்பான் இந்த மனுஷன். இங்க வந்து இதுங்ககூட இப்படி ஊர்ப்பேச்சு பேசிட்டிருக்கான்!"

"வயோலா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ பேசாத எல்டன். கழட்டச் சொன்னது நீங்க ரெண்டு பேரும்தான்னு எனக்குத் தெரியாதா? இனிமே பல்லு என்கிட்ட இருக்கும்."

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நாங்கள் நான்கு பேர். வயோலா ஒரு பெப்பர்மின்ட் தகர டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்தாள். காகம் இல்லாத நேரத்தில் நார்பர்ட் பல்லோடு இருப்பான், பேசுவான். தூரத்தில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் "டப்பா" என்பாள். பூசையில் மணி அடித்த மாதிரி பேச்சு நிற்கும். பல் டப்பாவுக்குள் போகும், மூடி மூடும், கூப்பிடுவான். சுட்டு முடிந்ததும் டப்பா திறக்கும், கதை மறுபடி தொடங்கும். பெர்னீட்டாவுக்கு ஒரு கதையின் முடிவு தெரிந்தாக வேண்டியிருந்ததால், ஒரு நாள் காகம் வருவதைப் பார்த்தும் வேண்டுமென்றே சொல்லாமல் இருந்துவிட்டாள். அதற்கு வயோலா அவளை ஒரு மணி நேரம் திட்டினாள். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை வயோலா, ஆனால் எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் வேட்டை வெறி ஏறியது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போன ஒரு வாரம் நாங்கள் போகவேண்டாம் என்று இருந்தோம். காலை ஆறு மணிக்கு என் வாசலில் வந்து ஹாரன் அடித்தாள்.

மார்ச்சில் கடைசி வேட்டை நாளன்று ஒன்பது காகங்கள்தான். பெரும்பாலானவை வடக்கே கிளம்பிவிட்டன. சீசன் மொத்தம் எண்பத்து நான்கு. கிளீட்டஸிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, நெடுஞ்சாலை ஓரத்துக் காபிக் கடையில் போய் ஆளுக்கு ஒரு சூப் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் கொலராடோக்காரத் தம்பதி. எங்கள் உடைகளைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் என்ன வேட்டை என்று கேட்டார்.

நார்பர்ட் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டான். ஆந்தையில் ஆரம்பித்தான். காவல் காகம் எப்படி மற்றவற்றை ஏமாற்றித் தான் முதலில் தின்னும் என்று சொன்னான். கையுறை கடித்ததைச் சொன்னான். அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். 'தாக்கிரதை'யும் 'தனிக்கிழமை'யுமாக வந்துகொண்டிருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசிக் கூட்டம் போனபிறகு அவன் பல்லை வாங்கி மாட்டவே இல்லை.

நான் வயோலாவைப் பார்த்து, அவள் மடியில் இருந்த டப்பாவைக் கண்ணால் காட்டினேன்.

அவள் அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சூப் ஆறுது எல்டன்" என்றாள். "குடி."