கம்ப்யூட்டருக்குத் தெரியாத லாம்டா

கணக்கு ஆய்வேட்டில் ஒரு பக்கத்துக்குள் ஆங்கிலம், கிரேக்கம் என்று இரண்டு மொழி எழுத்து வரும், விசைப்பலகையில் ஒன்றுதான் இருக்கும். அதை டைப் அடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. எண்பதுகளில் உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு டைப்பிங் கடையில் நான் வேலை பார்த்தேன். கூட இருந்தவள் மல்லிகா. திருமுக்கூடலிலிருந்து பஸ்ஸில் வருவாள். பத்தாவதில் கணக்கில் இரண்டு முறை ஃபெயில்.

இரட்டைக் கோடு

தென்னேரி ஏகாம்பரம் சார் கணக்கு வாத்தியார், எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை நான்தான் டைப்ரைட்டரில் அடித்தேன். வாங்கிப் பார்த்தவருக்கு முகம் வாடிவிட்டது. அவர் கையெழுத்தில் சில R சாதாரணமாக இருந்தது, சிலவற்றில் நிற்கும் கோடு இரட்டையாக இருந்தது. பேனா தடுக்கியிருக்கும் என்று நினைத்து எல்லாவற்றையும் ஒரே R ஆக அடித்திருந்தேன். இரட்டைக் கோடு போட்டால் அது மெய்யெண்கள் எல்லாம் சேர்ந்த கூட்டமாம், சாதாரண R வேறு எதுவோவாம். அத்தனை பக்கமும் வீண்.

மல்லிகா R அடித்தாள். ஓர் எழுத்து பின்னால் நகர்த்தும் பேக்ஸ்பேஸைப் பாதி மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே I அடித்தாள். நாலைந்து தாள் கெட்ட பிறகு கோடு அழகாக இரட்டையாக நின்றது. சார் தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.

“போர்டுல நானு போட்டாலே கோணிக்கினு போவுது. இந்தப் பொண்ணு இன்னா நேரா போட்டுக்கீது பாரு!”

மூஞ்சி

மறுவருஷம் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். கொண்டுவந்தவர், ஆல்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு வலது பக்க எண்களில் 227 தட்டினால் திரையில் π வரும் என்று காட்டிவிட்டுப் போய்விட்டார். மற்ற எழுத்துக்கு என்ன நம்பர் என்று அவருக்கே தெரியவில்லை. மல்லிகா சாப்பாட்டு நேரத்தில் 128-இல் தொடங்கி 255 வரைக்கும் ஒவ்வொன்றாகத் தட்டி, வந்த உருவத்தை நோட்டில் வரைந்து பக்கத்தில் நம்பரைப் போட்டாள். 236-க்கு எதிரே ‘படுத்த எட்டு’ என்று எழுதியிருந்தாள். அது முடிவிலி. பேர் தெரியாமலா இத்தனையும் எழுதினாய் என்று கேட்டேன்.

“பேரு இன்னாத்துக்குக்கா? மூஞ்சி தெரிஞ்சா போதாதா?”

புள்ளிகள்

255 வரை போயும் அந்தக் கம்ப்யூட்டரில் λ இல்லவே இல்லை. சாருடைய மூன்றாம் அத்தியாயத்தில் வரிக்கு வரி லாம்டா. பேனாவால் போட்டுத் தருகிறேன் என்றேன். கைடு ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார் சார். கொடுக்கவேண்டிய நாளோ நெருங்கிவிட்டது.

பிரிண்டரோடு வந்த புத்தகத்தை மல்லிகா புரட்டினாள். பிரிண்டரின் எழுத்தெல்லாம் வெறும் புள்ளிதான், நாமே ஒரு எழுத்தைப் புள்ளியாக வரைந்து அதை எண்ணாக்கி அனுப்பலாம் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. கிராஃப் தாள் வாங்கி வந்து கட்டங்களைக் கறுப்பாக்கினாள். முதலில் வந்த லாம்டா தலைகீழாக நின்றது. மேல் புள்ளிக்கும் கீழ்ப் புள்ளிக்கும் எண்ணை மாற்றிப் போட்டிருந்தாள். திருத்தி அனுப்பியதும், லாம்டாவுக்குப் பதிலாகத் திரையில் @ அடித்துவைத்த இடமெல்லாம் தாளில் λ வந்தது. சார் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

“நீயாம்மா கணக்குல ஃபெயிலு? உன் பேப்பர திருத்துனவன் யாரு, சொல்லு!”

கரண்ட் போய் வந்தது

கடைசி நாள் காலை பாதி அச்சாகும்போது கரண்ட் போனது. வந்ததும் விட்ட இடத்திலிருந்து நான் அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் புரட்டிப் பார்த்த சார் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். பின்பாதி முழுக்க @. கரண்ட் போனால் கற்றுக்கொடுத்த எழுத்தைப் பிரிண்டர் மறந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. மல்லிகா பிரிண்டருக்கு மறுபடி லாம்டாவை அனுப்பிவிட்டு, பக்கங்களை வரிசையாக எடுத்துக் கொடுத்தாள். சார் அடுத்த பஸ்ஸைப் பிடித்து, மெட்ராஸில் யுனிவர்சிட்டி ஆபீஸ் மூடுமுன் போய்ச் சேர்ந்தார்.

பட்டம் கிடைத்த பிறகு இனிப்போடு நேராக மல்லிகாவிடம் போனார். எந்தப் பிரஸ்ஸில் அச்சடித்தீர்கள் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார்களாம்.

“எங்க ஊரு பொண்ணு ஒண்ணு இந்த எழுத்தையே செஞ்சுதுன்னேன். நம்பவே இல்லம்மா அவுங்க.”

ஒரு எழுத்து விடாமல் அடித்தவள் நான், ஒரு எழுத்தையே செய்தவள் அவள், ஆனால் அந்த ஆய்வேட்டில் சார் என்னதான் நிரூபித்தார் என்று கேட்டால் நான் அவளைக் கைகாட்டுவேன், அவள் என்னைக் கைகாட்டுவாள்.